நேடிர் என்றாயே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். காங்கேயம் பக்கம் இன்னும் கோடை மழை இறங்கவில்லை. மேய்ச்சல் நிலமான கொறங்காடு காய்ந்து கிடக்கிறது, மாடுகளுக்குச் சோளத்தட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "என் வாழ்க்கை நேடிர்ல இருக்குப்பா" என்றாய், அடிமட்டத்தில் என்ற அர்த்தத்தில். வேலை போனதைக்கூட அழாமல் சொன்னவளுக்கு அந்தச் சொல்லில் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷம் பூகோளம் நடத்தினவனுக்கு அதை அப்படியே விட மனசு வரவில்லை.

ஜெனித், நேடிர் இரண்டும் அரபு வானியலாளர்கள் கொடுத்த சொற்கள். 'சம்த் அர்-ராஸ்' என்றால் தலைக்கு மேலான வழி, நம் உச்சி. லத்தீனில் எழுதியவர்கள் 'சம்த்'தின் m எழுத்தை ni என்று படித்துவிட்டார்களாம். பழைய கையெழுத்தில் இரண்டும் மூன்று கோடுகள்தானே. அதுதான் ஜெனித் ஆனது. நேடிர் 'நழீர்' என்பதிலிருந்து வந்தது. அதற்கு எதிரானது என்று பொருள், அவ்வளவுதான். உன் பாதத்துக்கு நேர் கீழே கோடு இழுத்துப் பூமியைத் துளைத்துக்கொண்டு போனால், அந்தப் பக்கம் ஒரு புள்ளி வரும். அதுவும் வானத்தில்தான் இருக்கிறது, கண்ணு.

1391இல் ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் பத்து வயது மகன் லூயிஸுக்கு, சூரியன், நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் அஸ்ட்ரோலேப் கருவியைப் பற்றி எழுதினார். அதில் சூரியனின் நேடிர் என்று ராசி வட்டத்தில் அதற்கு நேர் எதிரே உள்ள பாகையைச் சொல்கிறார். வாழ்க்கையின் அடிமட்டம் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டியது. ஒரு அப்பன் பிள்ளைக்கு எழுதினதில் இந்தச் சொல்லைப் பார்த்ததும்தான் நானும் பேனாவை எடுத்தேன்.

இங்கிலாந்தில் உன் லீட்ஸில் சூரியன் என்றைக்குமே உச்சிக்கு வராது. ஜூனில்கூட 60 பாகையைத் தொடாது. நமக்கு வருஷத்தில் இரண்டு நாள் வரும். போன வாரம், சித்திரை 6ஆம் தேதி, 12.20க்கு மாடு கட்டி இறைத்த நம் கவலைக் கிணற்றங்கரையில் போய் நின்றேன். மற்ற நாளெல்லாம் ஏதாவது ஒரு பக்கச் சுவரின் நிழல் தண்ணீரில் கிடக்கும். அன்றைக்கு நிழலே இல்லை. அறுபதடி ஆழத்தில் தண்ணீர் முழுக்க வெளிச்சம். உங்கப்பாரு, என் அப்பா, வெட்டின படியில் கடைசிக் கல் தெரிந்தது, அதில் பாசி தெரிந்தது, ஒரு ஆமை கழுத்தை நீட்டியது வரைக்கும் தெரிந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும், அப்புறம் கிழக்குச் சுவரோரம் வெளிச்சம் சாய ஆரம்பித்துவிட்டது.

ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி அப்படி வரும். டிக்கெட்டுக்குப் பணம் போட்டுவிடுகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. சின்ன வயசில் மோட்டார் ரூம் ஓரம் நின்று குதிப்பாயே, அங்கேயே நின்று பார்க்கலாம். உங்கம்மா பருப்புப்பொடி அரைத்து வைத்திருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா