நாலு கொண்டை ஊசி போதும்

அன்புள்ள கண்மணிக்கு,

அம்மா எழுதுவது. போன வாரம் நீ அனுப்பிய படத்தில் புதுச் சீருடையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என் கண் உன் காதோரத்துக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் நெற்றிப்பொட்டில் முடி விலகியிருக்கிறது. ஓரத்தில் மட்டும் பூனைமயிர் போல மெல்லிசாக ஒரு வரிசை நிற்கிறது. கேட்டால் மஸ்கட் தண்ணீர் சேரவில்லை என்கிறாய். தண்ணீருக்கு இடம் பார்த்துக் கொட்ட வைக்கத் தெரியாதம்மா. காதுக்கு முன்னால் மட்டும் போகிறதென்றால் அது நீ முடியை இறுக்கிக் கட்டுவதால் வரும் இழுப்பு.

நாளைக்குத் தலை வாரும்போது சீப்பில் வருவதைச் சுருட்டி எறியாமல் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பார். முழு நீளத்தில், ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி போலக் குமிழ் இருந்தால் அது வேரோடு வந்தது. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் அப்படி உதிரும், அதற்குப் பயப்படாதே. குட்டைக் குட்டையாக, குமிழ் இல்லாமல் கிடந்தால் அது நடுவில் அறுந்தது. அறுந்தது நிறைய என்றால் நீ மாட்டுகிற பொருளில் கோளாறு. காதோரத்து முடி குமிழோடு கையில் வந்தால் நீ கட்டுகிற இறுக்கத்தில் கோளாறு. உனக்கு இரண்டுமே இருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

இது புதிதாக வந்த நோய் ஒன்றும் இல்லை. கிரீன்லாந்துப் பெண்கள் முடியை உச்சிக்குத் தூக்கி இறுக்கிக் கொண்டை போடுவார்கள். அவர்களுக்கு ஓரமுடி இப்படிப் போவதை 1907-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இழுப்பை ஆரம்பத்திலேயே நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் விட்டால் வேர்க்கால் தழும்பாகி மூடிக்கொள்ளும், அப்புறம் எந்த எண்ணெயும் உதவாது. கொண்டை போட்ட இடத்தில் வலி, வேரில் கடுகளவு சிவப்புக் கொப்புளம், அவிழ்த்ததும் தலைவலி குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் கட்டு இறுக்கம் என்று அர்த்தம்.

உன் வார்டில் முடி காலரைத் தொடக்கூடாது என்பார்கள், சரி. அதற்காக மண்டைத்தோலை இழுத்துக் கட்டச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. லீவு முடிந்து வரும் உன் அறைத்தோழியிடம் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். அதில் இருப்பதை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நீ போட்டிருக்கும் ரப்பர் பேண்டைத் தூக்கிப் போடு. சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் போடுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முடியின் மேல்தோல் கூரை ஓடு வேய்ந்தது போல நுனிப்பக்கம் பார்த்து அடுக்கடுக்காக இருக்கும். ரப்பர் அதில் வழுக்காது, பற்றிக்கொள்ளும். கழற்றும்போது ஓடு பெயர்கிற மாதிரி செதில் செதிலாகப் பெயர்த்துக்கொண்டு வரும். போதாததற்குத் தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி, தளர்ந்து, பிசுபிசுக்கும். அது தளர்ந்ததும் நீ என்ன செய்கிறாய், மூன்றாவது சுற்று போடுகிறாய். தினமும் ஒரே இடத்தில் அந்தச் சுற்று விழுகிறது. உன் குதிரைவாலில் ரப்பர் உட்காரும் இடத்தில் விரல்விட்டுப் பார், குட்டை முடி வளையமாகக் குத்தும்.

பையில் துணி சுற்றிய எலாஸ்டிக் ஆறு வைத்திருக்கிறேன். 4 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் உலோக மூட்டு இல்லாதது. இனி நீயாக வாங்கினாலும் அந்த மூட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்கு. முடியைக் கடித்துக்கொள்வது அந்த இடம்தான். இரண்டு சுற்றில் நிற்க வேண்டும். மூன்று சுற்று தேவைப்பட்டால் எலாஸ்டிக் களைத்துவிட்டது, மாற்று. கழற்றும்போது கீழே பிடித்து இழுக்காதே. போட்ட சுற்றை ஒவ்வொன்றாகப் பிரி.

சாட்டின் துணியில் ஸ்க்ரஞ்சியும், அதாவது எலாஸ்டிக்கை உள்ளே கோத்த சுருக்குத் துணி வளையமும், மூன்று தைத்து வைத்திருக்கிறேன். இதற்கு 1987-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய ரோமி ரெவ்சன் என்ற அம்மாளும், கெட்டுப்போன தன் முடியை அறுக்காத கட்டு வேண்டும் என்றுதான் தைத்துப் பார்த்தாராம். கடையில் விற்கும் குண்டு ஸ்க்ரஞ்சி உன் ஆபரேஷன் தியேட்டர் தொப்பிக்குள் அடங்காது. அதனால் துணியை 6 சென்டிமீட்டர் அகலம், 40 நீளம் என்று சிறிதாக வெட்டினேன். உள்ளே 6 மில்லிமீட்டர் அகல எலாஸ்டிக், 17 சென்டிமீட்டர். உனக்கும் தைக்கத் தெரியும், பழைய பாவாடை சாட்டினே போதும். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டுத் தைத்து, ஊக்கு கோத்து வெளியே புரட்டு. அதே ஊக்கில் எலாஸ்டிக்கைக் கோத்து இழுத்து, இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்துவிடு. முடிச்சுப் போடாதே, முடிச்சு மண்டையில் உறுத்தும். பட்டுதான் வேண்டும் என்றில்லை. சாட்டின் என்பது நெசவின் பெயர். பாலியெஸ்டர் நூலில் நெய்தாலும் முடி வழுக்கும்.

இப்போது கொண்டைக்கு வருகிறேன். இதைப் பொறுமையாகப் படி.

பையில் கறுப்புக் கொண்டை ஊசி ஒரு டஜன் இருக்கிறது, மூன்று அங்குல நீளம், கால்கள் லேசாக நெளிந்தது. ஸ்லைடு வேறு, இது வேறு. ஸ்லைடு முடியை நசுக்கிப் பிடிக்கும். கொண்டை ஊசி நசுக்காது, முடிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். நல்ல ஊசியா என்று பார்க்க இரண்டு காலையும் சேர்த்து அமுக்கி விடு. பழைய இடைவெளிக்குத் திரும்ப வேண்டும். அப்படியே ஒட்டி நின்றால் அது வெறும் கம்பி.

முடி முழுக்கக் காய்ந்திருக்கட்டும். சிக்கெடுத்து, உச்சியில் இல்லாமல் பிடரிக்கு இரண்டு விரல் மேலே சேர்த்துப் பிடி. அங்கே இறுக்கமாக எதுவும் கட்டாதே. மூன்று கால் பின்னல் தளர்வாகப் போட்டு நுனியில் மட்டும் சின்ன எலாஸ்டிக் போடு. பின்னலில் ஒரு கால் இன்னொரு காலைப் பிடித்துக்கொள்வதால் கொண்டை பன்னிரண்டு மணி நேரமும் கலையாது. பின்னலை அடியைச் சுற்றி நத்தை ஓடு மாதிரி தட்டையாகச் சுற்றி, நுனியை அடியில் செருகு.

இனி ஊசி. கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் நாலு இடம் உனக்குக் கணக்கு. ஊசியின் வளைவு கொண்டையின் நடுவைப் பார்க்க, கால்கள் வெளியே பார்க்கப் பிடி. கொண்டையின் விளிம்பில் நூல் கனத்துக்குக் கொஞ்சம் முடியையும், அதை ஒட்டித் தலையில் படிந்திருக்கும் முடியில் கொஞ்சத்தையும் கால்களில் அள்ளிக்கொள். அங்கேயே ஊசியை அப்படியே திருப்பிப் போட்டு, கால்கள் இப்போது கொண்டையின் நடுவைப் பார்க்க, மண்டையை ஒட்டிப் படுக்கவைத்து உள்ளே தள்ளு. கொல்லிமலைக்குப் போகும்போது 70 கொண்டை ஊசி வளைவையும் விரல்விட்டு எண்ணுவாயே, அந்த வளைவுக்குப் பேர் கொடுத்ததே இந்த ஊசிதான். வண்டி போலவே இதுவும் திரும்பினால்தான் ஏறும். திருப்பாமல் நேராகக் குத்தினால் தலையை ஆட்டியதும் வழுக்கி வெளியே வந்துவிடும். வந்துவிட்டதே என்று பத்து ஊசி குத்துவார்கள், பத்தும் வரும்.

தள்ளும்போது ஒரு இடத்தில் சுரீர் என்றால் ஏதோ ஒரு முடி தனியாக இழுபடுகிறது. சரியாகிவிடும் என்று விடாதே, உருவி ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் குத்து. நாலும் குத்தியதும் புருவத்தை மேலே தூக்கிப் பார். நெற்றித்தோல் பின்னால் இழுத்தால், காதோரத்தில் உள்ளங்கையை வைத்து முடியை முன்பக்கமாக மெதுவாகத் தள்ளித் தளர்த்து. உன் அடர்த்திக்கு நாலு போதும். தலைக்குக் குளித்த அன்று முடி வழுக்கும், அன்றைக்கு ஆறு. மிச்சம் தொலைவதற்கு. கொண்டை ஊசி வாங்கிய யாரும் வாங்கிய கணக்கில் வைத்திருந்ததில்லை.

உச்சியில் ஒரே ரப்பரில் தொங்கும் கொண்டையின் கனம் முழுக்க முன்நெற்றி முடிதான் தாங்கும். பிடரிக் கொண்டை தலையிலேயே உட்கார்ந்திருக்கும், கனத்தை நாலு ஊசி பங்கு போட்டுக்கொள்ளும். இதிலும் ஒரு வாரம் பிடரியில் போட்டால் அடுத்த வாரம் இரண்டு அங்குலம் மேலே போடு. ஒரே வேரைத் தினமும் வேலை வாங்காதே.

ஸ்லைடு ஒரு கார்டு இருக்கிறது. அது ஓரத்துப் பொடி முடிக்கு மட்டும். நெளிந்த கால் மண்டைப்பக்கம், நேரான கால் மேலே. முக்கால்வாசிப் பேர் தலைகீழாகத்தான் குத்துகிறார்கள், நெளிவு அழகுக்கு என்று நினைத்துக்கொண்டு. அந்த நெளிவுதான் முடியைப் பிடிக்கிறது. பல்லால் கடித்துத் திறக்காதே. கால் அகன்றுபோகும், நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் பொட்டும் உதிரும். பொட்டு போன ஸ்லைடு மண்டையைக் கீறும், முடியைச் சீவும், உடனே எறி. ஒன்று நிற்கவில்லை என்றால் வரிசையாக அஞ்சு குத்தாமல் இரண்டைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே குத்து.

வீட்டில் இருக்கும் நேரத்துக்கு கிளட்ச் கிளிப் இரண்டு, 9 சென்டிமீட்டரில். இதில் மோசம் போவது அச்சில் வார்த்த இடத்தில் வரும் மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பால். ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் கத்தி போல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிள்ளு பஞ்சை எடுத்துப் பல் மேல் இழுத்துப் பார். பஞ்சு நார் விட்டால் முடியும் நார் விடும். இந்த இரண்டையும் பஞ்சு வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். முடியை முறுக்கித் தூக்கி மாட்டும்போது முறுக்கை அளவோடு நிறுத்து. ஸ்பிரிங் மூட மறுத்தால் முடி அதிகம், பெரிய கிளிப் வேண்டும் என்று அர்த்தம். காரில், டூட்டி பஸ்ஸில் ஏறியதும் கழற்றி மடியில் வை. பிரேக் போட்டால் பின்தலை சீட்டில் மோதும், நடுவில் இது இருந்தால் குத்திவிடும். டிக்டாக் கிளிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: முதலில் மடக்கித் திற, அப்புறம் எடு. பெயின்ட் உரிந்தால் போடாதே. பல் வைத்த ஹேர்பேண்டை நான் வைக்கவே இல்லை. காதுக்குப் பின்னால் அழுத்தித் தலைவலி கொடுக்கும்.

ஈரத்தலையோடு கட்டுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். தண்ணீரில் ஊறிய முடி பலம் குறைந்து ரப்பர் மாதிரி நீளும். நீண்ட நிலையில் கட்டினால் பழைய நிலைக்கு வரமுடியாமல் அறும். கொண்டையின் நடு சாயங்காலம் வரை காயாது, நாற்றமும் அரிப்பும் மிச்சம். காலை டூட்டி என்றால் முந்தின நாள் மதியமே தலைக்குக் குளி. தவறிப்போய் ஈரமாகக் கிளம்பினால் கிளட்சில் தளர்வாகப் போட்டுப் போ, அங்கே போய்க் கொண்டை போடு. படுக்கும்போது தளர்ந்த ஒற்றைப் பின்னல், நுனியில் ஸ்க்ரஞ்சி, வேறொன்றும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை பூ கிடைத்தால் ஒரு முழத்தை மடித்து, பின்னல் தொடங்கும் கனமான இடத்தில் கொண்டை ஊசியால் குத்து. காதோர மெல்லிய முடியில் ஸ்லைடு போட்டுத் தொங்கவிடாதே, ஈரப்பூ கனக்கும். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் ஷாம்பு கலந்த தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, காயவைத்து எடு. துருப்பிடித்த ஊசி சொரசொரப்பாகிவிடும்.

ரப்பர் பேண்டு இப்போது முடியில் சிக்கியிருந்தால் பிய்க்காதே. பையின் அடியில் பேப்பர் சுற்றி ஒரு குட்டிக் கத்தரி இருக்கிறது, ரப்பரை வெட்டி எடு. கையோடு இரண்டு காதோரத்தையும் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மூன்று மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடு. வழவழவென்று தோல் மட்டும் மினுங்கினால் மூன்று மாதம்கூடக் காத்திராதே, உன் ஆஸ்பத்திரித் தோல் டாக்டரிடமே காட்டு. படம் இரண்டையும் எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா