முப்பதாம் நாளுக்குள்

அன்பு மகள் தேவிக்கு,

அப்பா எழுதுவது. அம்மா, அண்ணன், நான் மூவரும் நலம். போனில் பேசலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், சம்பந்தியம்மா பக்கத்தில் இருக்கையில் எதைக் கேட்பது? அதனால்தான் காகிதம். கூரியரில் போடுகிறேன்.

மழை இல்லை. தொழுவத்து வைக்கோலில் சாம்பல் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது, இன்னும் கண் திறக்கவில்லை. அம்மா உன் மகனுக்கு வெள்ளிச் சங்கு வாங்கி வைத்திருக்கிறாள்.

பயல் எடை இப்போது எவ்வளவு? பிறக்கும்போது 32 வாரம், 1,400 கிராம். ஆஸ்பத்திரியில் விடும்போது 1,650 என்றாய். ஆடிப்பெருக்கு அன்று பிறந்தவனுக்கு இன்றோடு 24 நாள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியைப் பார்த்தாயா? கண் பரிசோதனை என்று இருக்கிறதே, தேவி. நாற்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்று உங்கள் வீட்டில் சொல்வதாக அம்மா சொன்னாள். நான் குறை சொல்லவில்லை, சம்பந்தியம்மா மூன்று பிள்ளை வளர்த்தவர். ஆனால் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். இன்னும் ஆறு நாள்.

விழித்திரைக்குப் போகும் ரத்தக்குழாய் நாலாம் மாதம் நடுவிலிருந்து கிளம்பும். ஓரம் போய்ச் சேர நிறைமாதம் ஆகும். முந்திப் பிறந்த பிள்ளைக்குப் பாதி வழியில் நின்றுவிடும். கடைமடைக்குத் தண்ணீர் வராத வயல்தான். காய்ந்த ஓரம் ரத்தம் ரத்தம் என்று கேட்க, கண்ட இடத்தில் புதுக்குழாய் முளைத்து, தழும்பாகி, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். பூனைக்குட்டிக்கு நிறைமாதத்தில் பிறந்தாலும் இந்த வேலை பாதியில்தான் நிற்கும். அதனால்தான் லண்டனில் ஆஷ்டன் என்பவர் 1950களில் குட்டிகளை ஆக்சிஜன் கூண்டில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தவரை குழாய்கள் மூடிக்கொண்டன, வெளிக்காற்றுக்கு வந்ததும் தாறுமாறாகக் கிளைத்தன. மெல்போர்னில் கேட் கேம்ப்பெல் என்ற டாக்டரம்மா 1951லேயே ஆக்சிஜன் மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். உடனே ஏன் ஆக்சிஜன் வைத்தீர்கள் என்று சண்டைக்குப் போய்விடாதே. அது இல்லாவிட்டால் பயலே இல்லை. பயந்துபோய் அதைக் குறைத்த காலத்தில் மூச்சுக்குத் தவித்தே செத்த பிள்ளைகள் நிறைய.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்பாய். அண்ணனின் போன்தான் வாசித்தது. அவன் காதுக்கு அந்த வேகம் சரி, எனக்காக மெதுவாக்கினான். ஆக்சிஜன் பெட்டி வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "என்னையும் பெட்டியில வச்சிருந்தாங்களாப்பா?" என்றான். எருமைக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணன் கண் அம்மையில் போகவில்லை, தாயி, அவனுக்கு அம்மை வரவே இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் சொன்னது, அம்மா மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்தியது, எல்லாம் நான் சொன்ன பொய். 1996ல் அவனும் எட்டாம் மாதத்தில் பிறந்து பெட்டியில் கிடந்தான். ஒரு மாதத்தில் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்கள். எனக்கு மாடுகளுக்குக் கோமாரி ஊசி போடும் முகாம். சீட்டு சட்டைப்பையில் இருந்தது, அம்மாவிடம் சொல்லவில்லை. பிறகு துவைத்த சட்டையில் கஞ்சிபோல ஒரு வெள்ளை உருண்டை கிடைத்தது. பிள்ளைதான் நன்றாக முழிக்கிறானே என்று அதைச் சுண்டி எறிந்தேன். பச்சைப்புல் காணாத வருஷம் சினைமாடு குருட்டுக் கன்று போடும். அதற்கும் கண் பளபளவென்று முழித்துத்தான் இருக்கும். தாலுகாவில் எத்தனை கன்றின் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்திருப்பேன்! என் பிள்ளைக்கு ஆட்டிப் பார்க்க ஏழு மாதம் ஆனது. அப்போதே வைத்தியம் இருந்தது.

நீ படித்தவள், என்னைப்போல் இருக்க மாட்டாய். ஆனாலும் பிடிவாதத்தில் நீ என் மகள்தான், அதுதான் பயம். கூட்டிப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் கொடுத்து முடித்துவிடு. சொட்டு மருந்து விட்டு, இமைக்கு நடுவே சின்னக் கம்பி வைப்பார்கள். வீறிட்டு அழுவான், நீ அழாதே. ஒரு தடவையோடு முடியாது, ஒரு வாரம் இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்வார்கள், போக வேண்டும். லேசர் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள். அவரைக் கேட்கணும், இவரைக் கேட்கணும் என்று இழுக்காதே. ஆறு நாள்தான், தேவி.

பணம் அனுப்பியிருக்கிறேன், மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள். வியாழக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். அண்ணனும் வருகிறேன் என்கிறான், மருமகனைத் தொட்டுப் பார்க்கணுமாம். சீட்டு விஷயம் அவனுக்கு இன்னும் தெரியாது. ஓசூர் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அப்பா