நிற்கிற எஞ்சினின் புகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் விமான நிலையப் புகை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் கோவையில் விமானங்கள் கூடக் கூட நீலகிரியின் காற்றும் கெட்டுவிடும் என்ற வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கும் நீலகிரி மலையில் இருக்கும் எங்கள் கோத்தகிரிக்கும் நேர்கோட்டில் அளந்தாலே 40 கிலோமீட்டருக்கு மேல். அந்தப் புகையில் அவதிப்படுகிறவர்கள் மலையில் இல்லை, ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

சென்னை விமான நிலையத்தில் 17 வருடம் பெட்டி இழுக்கும் டிராக்டர் ஓட்டியவன் நான். விமானம் மேலே கிளம்பும்போதுதான் புகை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சத்தம் அப்போதுதானே பெரிது! ஆனால் விமானப் புகையைக் கணக்கிட உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அட்டவணையில் டேக்-ஆஃபுக்கு வெறும் 42 விநாடிதான். தரையில் ஊர்வதற்கும் வரிசையில் நிற்பதற்கும் 26 நிமிடம். முழு வேகத்தில் நைட்ரஜன் ஆக்சைடு அதிகம் வரும், சரி. எஞ்சின் மெதுவாக ஓடும்போதோ எரிபொருள் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் மண்ணெண்ணெய் நாற்றமாகவும் வெளியே வரும். விமானம் நின்ற பிறகும் விடாது. உள்ளே ஏசிக்கும் விளக்குக்கும் வாலில் ஒரு சின்ன எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே டீசல் டிராக்டரோடு நாங்கள். நைட் ஷிப்ட் முடிந்து முகம் கழுவினால் மூக்கிலிருந்து கறுப்பாக வரும். மாஸ்க் கேட்டதற்கு, "திறந்த வெளியில எதுக்குப்பா மாஸ்க்?" என்றார் மேற்பார்வையாளர்.

இந்தப் புகையிலுள்ள துகள்களை எண்ணினால் பெரும்பகுதி 0.1 மைக்ரானுக்கும் சிறியவை (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் அறைக்குள் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே பறக்கும் பஞ்சு போன்ற தேயிலைத் தூசைத் தராசில் போட்டால் முள் அசையாது, மூக்குக்கு மட்டும் தெரியும். இதுவும் அப்படித்தான். பி.எம். 2.5 என்பது காற்றில் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசின் எடைக் கணக்கு. எடையே இல்லாதது போன்ற இந்தத் துகள்களை எண்ணித்தான் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் அப்படி எண்ணிப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. காற்று வீசும் திசையில் 16 கிலோமீட்டர் தள்ளிக்கூட இந்தத் துகள்கள் வழக்கமான அளவைப்போல இரண்டு மடங்கு இருந்தனவாம். நம் நாட்டில் 2009-ல் வகுத்த காற்றுத் தரப் பட்டியலில் 12 மாசுகள் உண்டு, இது இல்லை. பட்டியலில் இல்லாததை யார் அளக்கப் போகிறார்கள்?

கோவை விமான நிலையத்தை விரிவாக்கும் இந்த நேரத்திலேயே சுற்றுப்புறத் தெருக்களில் துகள் எண்ணும் கருவிகளை வைக்கலாம். விமானம் நிற்கும் இடத்திலேயே மின்சாரம் கொடுத்துவிட்டால் வால் எஞ்சினை அணைத்துவிடலாம். டிராக்டரும் பேட்டரியில் ஓடும். இதெல்லாம் வேறு நாடுகளில் ஏற்கெனவே நடக்கிற வேலைதான், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அப்புறம், எங்கள் மலைக்கு வருகிறேன். இங்கே பனிக்காலக் காலையில் பள்ளத்தில் எழுகிற புகை மேலே போகாது. குளிர்ந்த காற்று அடியில் தங்க, அதற்கு மேலே சூடான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். அந்த மூடிக்குள் நாம் அடைப்பது கோவைப் புகையை அல்ல, இங்கே ஓடும் வண்டிகளின் புகையைத்தான். 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது, ஆனாலும் சீசனில் மலைப்பாதை வளைவுகளில் முதல் கியரில் ஊர்கிற வண்டி வரிசை இன்னும் இருக்கிறது. டீ குடிக்க இறங்குகிறவர்கள் எஞ்சினை அணைப்பதும் இல்லை.

போன வாரம் எங்கள் ஊர் டானிங்டன் பக்கத்தில் அப்படி நின்ற ஒரு வேன் டிரைவரிடம், "கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க தம்பி" என்றேன். "குளிருதுங்கய்யா, ஹீட்டர் ஓடுது" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான நிலையத் தொழிலாளி,
கோத்தகிரி