விலை குறைந்தது வண்டிக்குத்தான், உதிரிபாகத்துக்கு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதிலிருந்து, அங்கே வயதாகிப்போன சொகுசு எஸ்யூவிகள் நம் ஊருக்கு அடிமாட்டு விலையில் வருகின்றன. அப்படி ஒன்றை நானும் 13 லட்சத்துக்கு வாங்கினேன்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் பார்த்தால் முன்பக்க இடது மூலை டயர் மேலேயே படுத்துக் கிடந்தது. காரணம் ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு. ரப்பர் பை விரிசல் விட்டுக் காற்று கசிய, அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடி, காற்றடைக்கும் கம்ப்ரஸரும் கருகியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 2 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய். வண்டி பழசானால் என்ன, உதிரிபாகத்துக்குப் புது வண்டி விலைதானே.

வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் போய்ப் பாருங்கள். ராத்திரி முழுக்க சமதளத்தில் நின்ற வண்டியில், வீல் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை இன்ச் டேப்பால் அளந்தால் இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும். பானட் சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து, பைகளில் காற்றேற்றி வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

சரி, இதையெல்லாம் வாங்குபவரே கண்டுபிடிக்க வேண்டுமா? விற்பவர் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளின் பட்டியல்) சர்வீஸ் பில்களையும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும்.

— ஒரு வாசகர், கோவை