சிறிய வீட்டுக்கு மாறும் முடிவு: அட்டவணையில் விடுபடுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகள் திருமணமாகித் தனி வீட்டுக்குப் போனபின், நான்கறை வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறலாமா என்ற பேச்சு எழாத மூத்த தமிழ்க் குடும்பம் இன்று சிங்கப்பூரில் குறைவு. எனக்கு 67 வயது, மனைவிக்கு 64. ஈசூனில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். அந்தப் பேச்சு எங்கள் வீட்டிலும் கடந்த ஆண்டு நடந்தது. அதில் நாங்கள் எதை எடைபோட்டோம், எதை எடைபோட மறந்தோம் என்பதைப் பகிர்ந்துகொள்வது, இதே முடிவின் முன் நிற்கும் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியில் அட்டவணை போட்டுக் கொண்டுவந்தான். நான் ஒரு கப்பல் பட்டறையில் கணக்கெழுதியே பிழைத்தவன் என்பதால், அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டை விற்றால் என்ன கிடைக்கும், மூத்தோருக்கெனக் குறுகிய குத்தகைக் காலத்துடன் வீவக விற்கும் ஈரறை ஃபிளெக்ஸி வீட்டுக்கு என்ன செலவாகும், மிச்சத்தை மத்திய சேமநிதியில் (மசேநிதி) போட்டால் மாதாமாதம் எவ்வளவு வரும் என்று மூன்று பத்திகள். மாறாமல் இருந்தபடியே, வீட்டுக் குத்தகையில் எஞ்சிய காலத்தின் ஒரு பகுதியை வீவகவிடமே விற்கும் குத்தகைத் திரும்ப வாங்கும் திட்டத்தில் சேர்வது நான்காவது. ஓர் அறையை வாடகைக்கு விடுவது ஐந்தாவது. ஆயுள் முழுவதும் மாதாமாதம் வரும் மசேநிதி லைஃப் வழங்குதொகையை 65 வயதில் தொடங்காமல் 70 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 7 விழுக்காடு வரை கூடும் என்பதையும் அவன் விடவில்லை. நான் ஏற்கெனவே தள்ளிப்போட்டிருக்கிறேன். கணக்கில் ஒரு பிழைதான் கண்டுபிடித்தேன். வீட்டின் விலையை அக்கம்பக்கத்து புளோக்குகளில் அண்மையில் நடந்த விற்பனையைப் பார்த்துப் போட்டிருந்தான். ஒவ்வோர் இனத்தாருக்கும் உச்சவரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒரு புளோக்கில் சீனக் குடும்பங்கள் 87 விழுக்காட்டை எட்டியிருந்தால், நம்மவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் குறைவதால் விலையும் சற்று இறங்கும். 1989ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் இந்த விதியை, விற்கத் தொடங்கியபின் கேள்விப்பட்ட குடும்பங்களை நான் அறிவேன். முதலில் அதை விசாரித்துவிட்டே விலையை எழுத வேண்டும்.

அட்டவணையை முழுவதும் பார்த்துவிட்டு மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: “இதுல கீழ்வீட்டு மக்சிக் எந்தக் கட்டத்துல வர்றாங்கப்பா?”

மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், நான் வேலைக்குப் போயிருந்த பிற்பகலில், மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கைப்பேசி வரவேற்பறையில் கிடந்தது. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி, மக்சிக் என்று நாங்கள் அழைக்கும் கீழ்வீட்டு மலாய் அம்மாவிடம் இருபது ஆண்டுகளாக இருக்கிறது. அவர் வீட்டுச் சாவி எங்களிடம். மாலை நான்கு மணிக்கு வழக்கமாக மேலேயிருந்து கேட்கும் குக்கர் விசில் அன்று கேட்கவில்லை என்பதற்காக அவர் மேலே ஏறிவந்து கதவைத் திறந்தார். மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. புதிய வீட்டில் அவசர உதவிக்கு அழைப்புக் கருவி பொருத்தலாம், நிச்சயமாக அது நல்லதுதான். ஆனால் குக்கர் விசில் கேட்கவில்லையே என்று எந்தக் கருவியும் மாடியேறி வராது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அட்டவணையில் இருந்த வழிகளை எது அதிகப் பணம் தரும் என்ற வரிசையில் அடுக்கியிருந்தோமே தவிர, எதிலிருந்து திரும்பி வர முடியும், எதிலிருந்து முடியாது என்று அடுக்கவில்லை. குறுகிய குத்தகை ஈரறை வீட்டை வாங்கியபின் அதைப் பொதுச்சந்தையில் விற்க முடியாது. வேண்டாம் என்றால் வீவகவிடமே ஒப்படைக்கலாம், அவ்வளவுதான். குத்தகையின் ஒரு பகுதியை விற்றுவிட்டால் அந்த வீட்டையும் பிறகு சந்தையில் விற்க முடியாது. மாறாக, அறையை வாடகைக்கு விட்டுப் பிடிக்கவில்லையென்றால் ஒப்பந்தம் முடிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். 90 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீட்டிலிருந்து 40 சதுர மீட்டரை ஒட்டிய வீட்டுக்குப் போகும்போது கட்டிலையும் பீரோவையும் எங்கே வைப்பது என்று அளந்து பார்க்கும் நாம், திரும்பி வரும் வழியை அளந்து பார்ப்பதில்லை. பணக் கணக்கில் ஓரளவு பிழை நேர்ந்தாலும் செலவைச் சுருக்கிச் சரிக்கட்டலாம். பழகிய மனிதர்களை எழுபது வயதில் மறுபடி சேர்ப்பது அவ்வளவு எளிதன்று.

மாறவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் மகனின் தொழில் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் தூக்கமில்லாமல் இருந்தார். வீட்டை விற்றுக் கடனை அடைத்து, இரண்டு அறையில் நிம்மதியாகத் தூங்குகிறார். அவரைப் பொறுத்தவரை அதைவிட நல்ல முடிவு வேறில்லை. இன்னொரு நண்பர், கடன் கவலை எதுவும் இல்லாதவர், விலை நன்றாக இருக்கிறதென்று மட்டும் விற்று, புதிய நகருக்குப் போனார். வீடு புதிது, மின்தூக்கி புதிது, எல்லாமே சுத்தம். அவர் மட்டும் தினமும் காலை பேருந்து ஏறிப் பழைய காப்பிக்கடைக்கு வந்து தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துவிட்டுத் திரும்புகிறார். மழை பெய்யும் நாளில் வருவதில்லை. அவருடைய மனைவி எங்கும் வருவதில்லை. அந்த அம்மாவைப் பார்த்துப் பல மாதங்களாகின்றன. இருவரும் எடுத்த முடிவு என்றுதான் நண்பர் சொல்வார், ஆனால் அந்த அம்மாவைத் தனியாக ஒருவரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பெற்றோர், பிள்ளைகள் அருகருகே இருப்பது நல்லது என்று அரசாங்கமே பணம் கொடுத்துச் சொல்கிறது. மறுவிற்பனை வீடு வாங்கும் குடும்பம் பெற்றோருடன் சேர்ந்து வாழ்ந்தால் 30,000 வெள்ளி, நான்கு கிலோமீட்டருக்குள் இருந்தால் 20,000 வெள்ளி மானியம். எங்கள் மகன் பொங்கோலில் இருக்கிறான். ரயிலில் போனால் பீஷானிலும் சிராங்கூனிலும் மாற வேண்டும். “எங்க பக்கமா வந்துடுங்கப்பா” என்று அவன் கேட்டது அன்பினால்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அவனும் மருமகளும் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்புகிறவர்கள். வார நாள் பிற்பகல் மூன்று மணிக்கு எங்களுக்கு அருகில் இருக்கப்போவது மகன் அல்லன், அண்டைவீட்டார். நான்கு கிலோமீட்டர் என்பது தூரத்தின் அளவு மட்டுமே.

முடிவாக நாங்கள் செய்தது சிறிய காரியம். மூத்தோர் வீட்டில் பாதுகாப்பு வசதிகள் பொருத்த உதவும் வீவகவின் ஈஸ் திட்டம் 2012 முதல் இருக்கிறது. 2024 ஏப்ரலில் விரிவாக்கப்பட்டது. 65 வயதைக் கடந்த குடிமகன் நான் இருப்பதால் எங்கள் வீடு தகுதி பெற்றது. குளியலறையில் கைப்பிடிகள், வழுக்காத தரை, மடித்துவைக்கும் இருக்கை ஆகியவற்றைச் செலவில் பெரும்பகுதி அரசு ஏற்கப் பொருத்திக்கொண்டோம். பல லட்சம் வெள்ளி வீட்டை விற்பதைப் பற்றி ஆறு மாதம் பேசிய நாங்கள், அவள் விழுந்த அந்த ஈரத் தரையைப் பற்றி நான்கு ஆண்டுகளாகப் பேசவேயில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அதிகாரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூத்த தம்பதியர் ஆலோசனை கேட்க வரும்போது கணவனையும் மனைவியையும் பத்து நிமிடமாவது தனித்தனியே கேளுங்கள். நம் குடும்பங்களில் வீட்டைப் பற்றிப் பேசுகிறவர் ஆணாகவும், அந்த வீட்டில் நாள் முழுவதும் இருக்கிறவர் பெண்ணாகவும் இருப்பது இன்னும் வழக்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, சந்தையில் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் எத்தனை பேர், கோயிலுக்கோ மூத்தோர் கூடும் துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கோ யாருடன் போகிறீர்கள் என்று கேட்டாலே போதும், பாதி விடை வந்துவிடும். மாறத்தான் வேண்டும் என்றால், போகவிருக்கும் வட்டாரத்தில் உறவினர் வீடு இருந்தால் இரண்டு வாரம் தங்கி, அங்குள்ள சந்தையில் காய்கறி வாங்கி, பலதுறை மருந்தகத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

எனக்கு 70 வயதாகி மசேநிதி வழங்குதொகை தொடங்கும்போது, மகனின் அட்டவணையை மறுபடி எடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் மனைவியின் முழங்கால் எப்படி இருக்கும் என்று தெரியாது. மக்சிக்கும் தம் மகள் வீட்டுக்குப் போவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். அவர் போய்விட்டால் எங்கள் கணக்கும் மாறலாம்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்