முரளிக்கு, திருட்டு பற்றி

அன்புள்ள முரளி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டி வலி அப்படியே இருக்கிறது. உன் மகளுக்குப் புதுப் பள்ளி பிடித்துவிட்டது என்று அக்கா சொன்னாள், சந்தோஷம். பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, அதனால் கணக்கு சரி. இப்போது எழுத ஒரு கேம்தான் காரணம். அப்புறம் இன்னொன்றும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேம், 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' இரண்டாம் பாகம். 2025 பிப்ரவரியில் வந்தது, பிராகாவில் இருக்கும் வார்ஹார்ஸ் ஸ்டூடியோ செய்தது. கதை 1403-இல், பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் நடக்கிறது. டிராகன் கிடையாது, மந்திரம் கிடையாது. ஹென்றி என்று ஒருவன், கொல்லன் வீட்டில் வளர்ந்தவன். ஆரம்பத்திலேயே எல்லாம் பறிபோய், கையில் காசில்லாமல் ஒரு ஊருக்குள் வந்து நிற்கிறான். இந்த நிலையில் உன்னை மாதிரி ஆள் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாதா, பக்கெட் வாத்தியாரே!

ஹாஸ்டலில் ஸ்கைரிம் கேம் ஆடியதை நினைத்துப் பார். கடைக்காரர் தலையில் பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, அவர் கண்ணெதிரே கடையையே காலி செய்வாய். அந்த மனிதர் நின்ற இடத்திலேயே நிற்பார். 2011-இல் அது நமக்குப் பெரிய வேடிக்கை. ஆனால் அந்த ஊரின் நியாயம் எப்படிப்பட்டது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். எடுத்த பொருளின் மேல் 'திருட்டு' என்ற முத்திரை விழுந்தால் போகவே போகாது. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் சாதாரணக் கடைக்காரர் அதை வாங்க மாட்டார். ரிஃப்டன் என்ற ஊரில் திருடர் கூட்டத்தோடு சேர்ந்து, அவர்களுடைய ஆளிடம்தான் விற்க வேண்டும். ஆட்களுக்கோ ஒன்றும் ஒட்டாது. பிக்பாக்கெட் அடித்து மாட்டினால் அபராதம் 25 பொற்காசு, குதிரையைத் திருடினால் 50, கொலைக்கு 1000. கட்டிவிட்டு வெளியே வந்தால் அதே காவலாளி உன்னிடம் சகஜமாகப் பேசுவான். பார்த்த ஒரே சாட்சியைக் கொன்றுவிட்டால் தலைக்கு வைத்த விலையே இல்லாமல் போகும். எப்போதாவது பொருளைப் பறிகொடுத்தவன் அடியாட்களை அனுப்புவான், அவ்வளவுதான். அங்கே பொருளுக்கு நினைவு உண்டு, ஆளுக்குக் கிடையாது.

கிங்டம் கம்மில் இது தலைகீழ். முத்திரை இங்கேயும் உண்டு, ஆனால் நாள் போகப் போக அழிந்துவிடும். சில்லறைச் சாமானுக்குச் சீக்கிரம், விலை உயர்ந்ததற்குத் தாமதம். காவலாளி நிறுத்திச் சோதனை போடும்போது அது பையில் இருந்தால் தொலைந்தாய். (திருட்டுச் சாமான் வாங்குவதும் பூட்டுத் திறக்கக் கற்றுக் கொடுப்பதும் யார் தெரியுமா? மாவு மில்காரர்கள். இது உனக்கு ரொம்பப் பிடிக்கும்.) பொருள் இப்படி மறந்துகொண்டே போகிறது. ஊர்தான் மறக்காது.

ஒரு வீட்டில் நடு ராத்திரி புகுந்தேன். கையில் தீப்பந்தம் இல்லை, கால் சத்தம் இல்லை, எல்லாரும் தூக்கம். ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் அந்த வீட்டுப் பக்கம் நான் சுற்றியதைச் சிலர் பார்த்திருந்தார்கள். காலையில் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து, காணோம் என்று கத்த, கொஞ்ச நேரத்தில் காவலாளி என் முன்னால். சாட்சி இல்லை, சந்தேகம் மட்டும்தான். வாயால் சமாளிக்கலாம், காசு கட்டலாம், ஓடலாம். மாட்டினால் குற்றத்துக்குத் தகுந்த தண்டனை: நடுச் சந்தையில் மரச்சட்டத்தில் கழுத்தையும் கையையும் பூட்டி நிறுத்துவார்கள், பிரம்படி உண்டு, சூட்டுக்கோல் உண்டு, அதற்கும் மேலே போனால் மரண தண்டனை, கேம் முடிந்தது. சூடு பட்டவனிடம் ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது, அதற்கென்று ஒரு சாராயம் குடிக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கையில் போய்த் தூங்க வேண்டும். 'பழைய சேவுக்குப் போய்க்கொள்ளலாம்' என்ற நம் ஹாஸ்டல் தைரியம் இங்கே எடுபடாது. இத்தனை வருடத்தில் திருட்டை இவ்வளவு சரியாகச் செய்த கேம் வேறு எதையும் நான் ஆடியதில்லை. அபராதம் ஒரு பொருட்டே இல்லை, கடைத்தெருவில் நடக்கும்போது ஆட்கள் பார்க்கும் பார்வைதான் தண்டனை.

சரி, அந்த இன்னொரு விஷயம். உன் கடைக் கல்லாவில் காசு குறைகிறது, புதுப் பையன் மேல்தான் சந்தேகம், இந்த மாதத்தோடு அனுப்பிவிடப் போகிறேன் என்று குரூப்பில் போட்டிருந்தாய். எல்லாரும் கட்டை விரலைத் தூக்கினார்கள். என்னால் முடியவில்லை. உன் அப்பா காலத்தில் அந்த உயரமான பையனை அனுப்பினது ஞாபகம் இருக்கிறதா? அவன் எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கடையில் இருந்தான், அவ்வளவுதான். பிறகு பஜாரில் ஒரு கடையும் அவனைச் சேர்க்கவில்லை. எடுத்தானா இல்லையா என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் கடைசிவரை தெரியாது.

கேமில் ஊர் என்னைச் சந்தேகப்பட்டது சரிதான், ஏனென்றால் திருடியது நான். அது கேமுக்குத் தெரியும். உன் கடையில் அதைத் தெரிந்து சொல்ல யாரும் இல்லை முரளி. பக்கத்தில் நின்றான் என்பது மட்டும்தான் உன்னிடம் இருக்கிறது. முதலில் ஒரு மாதம் ராத்திரி கல்லாவை நீயே எண்ணிப் பூட்டு. கடன் நோட்டையும் சரக்குக்காரனுக்குக் கொடுத்த ரொக்கத்தையும் ஒத்துப் பார். உன் மச்சான் எடுக்கும் கைமாற்றுக்கும் ஒரு சீட்டு எழுதச் சொல், கோபித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் குறைந்தால் பையனை உட்கார வைத்து நேராகக் கேள். பஜாரில் யாரிடமும் இப்போதைக்கு வாய் திறக்காதே. ஏற்கெனவே யாரிடமாவது சொல்லியிருந்தால், நாளைக்கே போய் அதை இல்லை என்று சொல்லிவிட்டு வா.

ஞாயிறு மதியம் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு, திட்டுவதாக இருந்தாலும். கேம் ஆட ஆசை வந்தால் 2018-இல் வந்த முதல் பாகத்தில் ஆரம்பி. பக்கெட்டைத் தேடாதே, அங்கே அந்த வித்தை பலிக்காது.

அன்புடன்,
சேகர்