ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்கிற மாதிரி போ

அன்பு மகளுக்கு,

லாங் வீக்கெண்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டிருந்தாய். நியூ ஆர்லியன்ஸ் போ. ஹூஸ்டனிலிருந்து ஐ-10 சாலையைப் பிடித்தால் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போர்பன் தெருவுக்குப் போகச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். ஒரு நடை பார்த்துவிட்டு, கறுப்பின மக்களின் பழைய குடியிருப்பான ட்ரெமே பக்கம் வந்துவிடு.

நான் கப்பலில் இருந்த காலத்தில் அங்கே மிசிசிப்பி ஆற்றில் மக்காச்சோளம் ஏற்ற நிற்போம். மழை தூறினால் தானியம் நனையாமல் இருக்க சரக்கறையின் மேல்வாயை மூடி வேலையை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் கரையிறங்குவது அப்போதுதான். அப்படி ஒரு ஞாயிறு மதியம், மழை விட்ட தெருவில், செகண்ட் லைன் ஊர்வலத்துக்குப் பின்னால் நடந்தேன். முன்னால் ஒரே நிற சூட் போட்ட கிளப்காரர்களும் பேண்டும். அது முதல் வரிசை. பின்னால் சேர்ந்து ஆடிக்கொண்டு வரும் தெரு ஜனம் முழுக்க இரண்டாம் வரிசை. டிக்கெட் கிடையாது. பெரிய டிரம்மின் தலையில் ஒரு தாளத்தட்டைப் பொருத்தி, சட்டை மாட்டுகிற கம்பி ஹேங்கரை வளைத்து அதில் தட்டிக்கொண்டு வந்தார் ஒருவர். அந்தக் கிணுங்கல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த கிளப்புகளின் கதையைத் தெரிந்துகொண்டு போ. அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் கறுப்பின மக்களுக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆளில்லை. ஆளுக்குக் கொஞ்சம் சந்தா போட்டு, நோய்க்கு மருந்தும் சாவுக்கு அடக்கச் செலவும் பார்க்கச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். அடக்கத்துக்கு பேண்டும் வரும். கல்லறைக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாட்டு. அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம். சாவுக்கு மேளம் அடிக்கிற ஊரில் வளர்ந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்திலேயே ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் காங்கோ சதுக்கம் இருக்கிறது. 1817-ல் நகர நிர்வாகம் அடிமைகள் கூடுவதற்கு அந்த ஒரு இடத்தைத்தான் விட்டது, அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அங்கே ஆப்பிரிக்க முரசு அடித்து ஆடினார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வா.

இன்னொன்று, பாப்பா. நீ கார் ஓட்டி வரும் அதே ஐ-10, ஊருக்குள் கிளைபோர்ன் அவென்யூவுக்கு மேலே பாலமாகப் போகிறது. கறுப்பின மக்களின் கடைகள் நிறைந்த தெரு அது. நடுவில் வரிசையாக ஓக் மரங்கள், அதன் நிழலில்தான் மார்டி கிரா திருவிழாக் கொண்டாட்டம். 1966-ல் மரங்களை வெட்டி அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது. ஆனால் பேண்டுகள் அந்தப் பாலத்துக்கு அடியிலேயே போய் வாசிக்கின்றன. கான்கிரீட்டில் மோதி டிராம்போன் சத்தம் இரட்டிப்பாகத் திரும்பும். காரை நிறுத்திவிட்டு இறங்கிக் கேள்.

ஊர்வலம் எந்தத் தெருவில் என்று 90.7 எஃப்.எம்.மில், டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். வானொலியில் சொல்வார்கள். கோடை உச்சத்தில் மட்டும் இருக்காது. போனைத் தூக்கிக்கொண்டு பேண்டுக்கு முன்னால் போய் நிற்காதே, பின்னால் நட. தெருமுனையில் வாசிக்கிற பிள்ளைகளின் வாளியில் தாராளமாகப் போடு. ராத்திரி பிரிசர்வேஷன் ஹால் போங்கள். 1961-லிருந்து நடக்கிறது. சின்ன அறை, மர பெஞ்ச், குடிக்க எதுவும் விற்க மாட்டார்கள், பாட்டு மட்டும்தான்.

பாட்டுக்குப் பேர்போன மற்ற ஊர்களான மெம்ஃபிஸ், சிகாகோ, டெட்ராய்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மெம்ஃபிஸில் பழைய சினிமா தியேட்டரை ஸ்டுடியோவாக மாற்றிய ஸ்டாக்ஸ் இசைத்தட்டு கம்பெனி பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மாப்பிள்ளையிடம் திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு போடச் சொல். அந்த ஊரில் திங்கட்கிழமை துணி துவைக்கும் நாளாம். அடுப்பில் தானாக வேகட்டும் என்று சிவப்பு பீன்ஸும் சோறும் வைப்பது வழக்கம். இப்போதும் திங்களன்று அதுதான் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
அப்பா